மழலைக்கும் மாட்டுக்கும் நேரம் வகுப்போம்

தோட்டத்து உழைப்பாளர் குடும்பத்தில் நாள்தோறும் காலத்தைக் கேட்டு நிற்பவை மூன்று. முதலாவது, கூலி தரும் மரம். இரண்டாவது, கொல்லைப்புறத்தில் கட்டியிருக்கும் மாடு. மூன்றாவது, தொட்டிலில் கிடக்கும் குழந்தை. மரம் காத்திராது, வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். மாடும் காத்திராது, மடி கனத்தால் கதறும். குழந்தை ஒன்றே காத்திருக்கும். காத்திருக்கிறது என்பதனாலேயே அதன் பங்கு ஒவ்வொரு நாளும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, இறுதியில் இல்லாமலே போய்விடுகிறது.

இன்று தோட்டங்கள் பெரிதும் மாறிவிட்டன. ரப்பர் நின்ற பல நிலங்களில் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்த பலர் நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். எனினும், தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களிலும் வேலை, மாடு, குழந்தை ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுமக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றிற்குப் பணியின் நிமித்தம் சென்றிருந்தோம். முற்பகல் பத்து மணி இருக்கும். வீட்டு வாசலில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, இடுப்பில் தம்பியைச் சுமந்தபடி, மறுகையில் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று பள்ளி நாள். "ஏனம்மா, பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்று வினவினோம். "அம்மாவும் அப்பாவும் பால்வெட்டப் போயிட்டாங்க, ஐயா. பாட்டிக்குக் காய்ச்சல். தம்பியையும் கன்னையும் யார் பார்த்துக்கிறது?" என்றாள் அவள்.

உள்ளே பாயில் படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "மாட்டுக்குப் பசிச்சா கத்தும், ஐயா. பிள்ளைக்குப் பசிச்சாலும் கத்தும். பேச ஆளில்லேன்னா மட்டும் பிள்ளை கத்தாது. சும்மா படுத்துக்கும். நாமளும் நல்ல பிள்ளைன்னு நெனைச்சுக்குவோம்."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டி கூறியது, குழந்தை வளர்ச்சியை ஆராய்வோர் இன்று வற்புறுத்தும் உண்மையே ஆகும். பசியும் ஈரத்துணியும் குழந்தையை அழவைக்கும். பேச்சும் முகமும் கிட்டாத குறையோ ஓசையின்றி வளரும். அக்குறையைத் தீர்ப்பதற்கு வேண்டியது பணமன்று, நேரம். அந்நேரத்தை எங்கிருந்து பெறுவது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

கடிகாரமும் கால்நடையும்

1982ஆம் ஆண்டு பிறந்தபொழுது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. நாடு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக அம்மாற்றம் செய்யப்பட்டது. அதன் பயனாக, தீபகற்பத்தில் இன்று சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் எழுகிறது. மனிதர் கடிகாரத்தை மாற்றிக்கொண்டனர். மரமும் மாடும் மாற்றிக்கொள்ளவில்லை.

ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால் குழல்களில் விடியற்காலையில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியிடத் தொடங்கியதும் அவ்வழுத்தம் தணிந்து பால் ஒழுக்கும் குறையும். ஆதலால்தான் இருட்டோடு எழுந்து நிரைக்குப் போகவேண்டியிருக்கிறது. கறவை மாட்டின் மடியும் இத்தகைய ஒழுங்குடையதே. நாள்தோறும் ஒரே நேரத்தில் கறந்தால் மாடு அமைதியாக நின்று பாலைச் சுரக்கும். நேரம் தவறினால், கை மாறினால், அருகில் கூச்சல் எழுந்தால், சுரப்பை அடக்கிக்கொள்ளும்.

குழந்தைக்கும் இவ்வொழுங்கு உண்டு. ஆறு மாதக் குழந்தையேயாயினும், எந்த நேரத்தில் எவர் தூக்குவார், எப்பொழுது நீராட்டுவார் என்பதை அறிந்து எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. எதிர்பார்த்தது நிகழும்பொழுது அதன் உள்ளத்தில் நம்பிக்கை பிறக்கிறது. மாட்டுக்கு நேரம் குறித்திருக்கிறோம். மரத்துக்கு நேரம் குறித்திருக்கிறோம். குழந்தைக்கு மட்டும் "ஒழிந்த நேரம்" என்று விட்டுவிடுதல் முறையாகுமா?

ஒரு நாளின் கணக்கு

கணவன் மனைவி இருவரும் பால்வெட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் ஒரு கறவைப் பசு, அதன் கன்று, நான்கைந்து ஆடுகள், பத்துக் கோழிகள் உள்ளன எனக் கொள்வோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று.

தாய் காலை 4.30க்கு எழுந்து இரவு 9.00 மணிக்குப் படுக்கிறாள் என்றால், உறக்கம் ஏழரை மணி நேரம். காலை 6.00 மணிக்கு வீட்டை விட்டுச் சென்று, மரம் வெட்டி, மங்குகளில் பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிற்பகல் 1.00 மணிக்குத் திரும்பினால், வேலைக்கு ஏழு மணி நேரம். எஞ்சுவது ஒன்பதரை மணி. இதில் சமையல், துணி, குளியல், உணவு ஆகியவற்றிற்கு நான்கு மணி நேரம் கழிப்போம். மிச்சம் ஐந்தரை மணி.

இனி, கால்நடைக் கணக்கு. புல்லறுத்துச் சுமந்து வர 90 நிமிடம். காலையும் மாலையும் கறக்க, ஒரு வேளைக்கு 20 நிமிடமாக 40 நிமிடம். கொட்டகை கழுவித் தண்ணீர் வைக்க 30 நிமிடம். ஆடு, கோழிகளுக்கு 20 நிமிடம். ஆக மொத்தம் மூன்று மணி நேரம். இதைக் கழித்தால் மீதம் இரண்டரை மணி. உழைத்த உடல் ஓய்வதும், அண்டை வீட்டாரோடு பேசுவதும், தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இந்த இரண்டரை மணிக்குள்ளேயே அடங்கவேண்டும். குழந்தையின் பங்கு யாது என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

நாம் பேராக்கில் கண்ட குடும்பத்தாரிடம் மூன்று பசுக்கள் இருந்தன. அவர்களோடு அமர்ந்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கால்நடைகளுக்கு மட்டும் ஐந்து மணி நேரம் சென்றது. எஞ்சியது அரைமணி. மீதிச் சுமை எங்கே போயிற்று? பதினொரு வயதுச் சிறுமியின் இடுப்பிற்குப் போயிற்று.

கால்நடை வேலையைக் குறைக்கும் வழிகள்

மாடு வளர்ப்பது வீண் என்று நாம் கூறவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் கறவை மாடு வளர்க்கும் பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். அக்கால மாடுகளின் வழித்தோன்றல்கள் இந்நாட்டில் "உள்நாட்டு இந்தியக் கறவை மாடு" என்றே ஓர் இனமாகக் குறிக்கப்படுகின்றன. பின்னர், சாஹிவால், ஃபிரீசியன் இனங்களைக் கலந்து "மாஃப்ரிவால்" என்னும் கறவை இனமும் இங்கு உருவாக்கப்பட்டது. பசு வீட்டுக்குப் பால் தரும். தோட்டத்திற்கு எரு தரும். இடர் வந்தபொழுது கைக்கு முதலாகவும் அமையும். ஆதலால், மாட்டை விலக்குவதன்று, மாட்டு வேலையைச் சீராக்குவதே முதற்கடமை.

முதலில் புல். ஒரு மாடு தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பச்சைத் தீவனம் உண்ணும். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ புல் வேண்டும். இதைச் சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தேடி அலைவதாலேயே ஒன்றரை மணி நேரம் செலவாகிறது. நிருவாகத்தின் இசைவு பெற்று, கொட்டகைக்கு அருகிலேயே நேப்பியர் புல்லை நட்டுக்கொள்வோமானால் அலைச்சல் நீங்கும். மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை மழைக்காலத் தொடக்கத்தில் நடவேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் முதல் அறுப்பு. அதன்பின் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். முற்றவிட்டால் தண்டு தடித்துச் சத்துக் குறையும். கொட்டகைச் சாணத்தையே எருவாக இட்டு வந்தால், கால் ஏக்கர் நிலம் ஒரு பசுவின் தேவையில் பெரும்பகுதியை ஈடுகட்டும். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து முறைவைத்து அறுத்தால், ஒன்று முடியும்பொழுது மற்றொன்று வளர்ந்து நிற்கும்.

அடுத்தது தண்ணீர். பால் தரும் பசு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை குடிக்கக்கூடும். வாளி வாளியாகச் சுமப்பதற்குப் பதிலாக, கொட்டகைக் கூரையின் மழைநீரை ஒரு பீப்பாயில் சேர்த்துக் குழாய் வழியே தொட்டிக்கு விடலாம். தரையைச் சிமெண்டால் பூசிச் சற்றுச் சரிவாக அமைத்தால், ஒரு முறை நீர் ஊற்றிப் பெருக்கியதும் கழிவு ஓடிவிடும். பீப்பாய்க்கு மூடி கட்டாயம் வேண்டும். கொசு முட்டையிடாமல் இருப்பதற்கும், குழந்தை தவறி விழாமல் இருப்பதற்கும் அதுவே காவல்.

இவ்விரு ஏற்பாடுகளால் புல் வேலை 90 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாகவும், கொட்டகை வேலை 30 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாகவும் குறையுமானால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மீளும். ஆண்டுக்கு 365 மணி நேரம் என்றால் அது சிறிதாகுமா?

மூன்றாவது, கன்று ஈனும் காலத்தை முன்கூட்டித் திட்டமிடுதல். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆட்டுக்கு 150 நாள். ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்கள் பசுவுக்குக் கறவை ஓய்வு தரவேண்டும். வீட்டில் மகப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் தாய் இருப்பாளாயின், பசு ஈனும் மாதமும் அவள் பேறு காணும் மாதமும் ஒன்றாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். செயற்கைக் கருவூட்டல் குறித்து மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விசாரித்து அறிக.

நான்காவதாக, எண்ணிக்கை. எத்தனை மாடு வளர்க்கலாம் என்பதைப் பட்டியின் அளவைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. வீட்டிலுள்ள பெரியவர்களின் கைகளைக் கொண்டே முடிவு செய்யவேண்டும். பள்ளி செல்லும் பிள்ளையின் கையை அக்கணக்கில் சேர்த்தலாகாது.

குழந்தை கேட்கும் நேரம் எத்தகையது?

குழந்தைக்கு நேரம் ஒதுக்குதல் என்றதும், வேலையெல்லாம் விட்டு அதன் எதிரே நெடுநேரம் அமர்ந்திருக்கவேண்டும் எனப் பலர் எண்ணி மலைக்கின்றனர். அவ்வாறு வேண்டுவதில்லை. குழந்தை ஒரு குரல் கொடுக்கும். நாம் மறுமொழி தரவேண்டும். அது ஒன்றைச் சுட்டிக் காட்டும். நாம் அதன் பெயரைச் சொல்லவேண்டும். பந்தை எறிந்து பிடிப்பதுபோல் இவ்வாறு மாறி மாறி நிகழும் சிறு உரையாடல்களே குழந்தையின் மூளையைப் பண்படுத்துகின்றன. முதல் மூன்றாண்டுகளில் மூளை மிக விரைந்து வளர்வதால், அக்காலத்தில் இவ்வுரையாடல் மிக இன்றியமையாதது.

நீராட்டும்பொழுது கால், கை, காது எனப் பெயர் சொல்லலாம். அரிசி களையும்பொழுது ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் குழந்தையிடம் கொடுத்து அருகில் அமர்த்தலாம். துணி மடிக்கும்பொழுது "இது அப்பா சட்டை, இது உன் சட்டை" எனலாம். வீட்டு வேலையின் நான்கு மணி நேரத்தில் பாதியேனும் இவ்வாறு குழந்தையோடு சேர்ந்து கழியுமானால், தனியே நேரம் தேடவேண்டிய தேவை பெரிதும் குறையும். குழந்தையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்து ஓரிடத்தில் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது. தொலைபேசி பேசும், ஆனால், குழந்தை பேசியதற்கு மறுமொழி கூறாது.

இவற்றோடு, நாளில் ஒரு முறையேனும் வேறு வேலை எதுவும் கலவாத அரைமணி நேரம் குழந்தைக்கென இருத்தல் நன்று. பிற்பகலில் வேலை முடிந்து, குளித்து, உடை மாற்றியபின் வரும் நேரம் இதற்குப் பொருத்தமானது. மழையால் பால்வெட்டு நின்றுபோகும் காலைப்பொழுதையும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் இலையுதிர்த்து விளைச்சல் குறையும் காலத்தையும் இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்நாள்களில் கூலி குறைவது உண்மையே. அந்நேரமும் வீணாகப் போகவேண்டியதில்லை.

கைக்குழந்தையைப் பொறுத்தவரை, முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வேலைக்குச் செல்லும் தாய் தன் பாலைப் பீய்ச்சித் தூய பாத்திரத்தில் மூடிவைத்துச் செல்லலாம். 25 பாகை வெப்பத்தில் அது 4 மணி நேரம் வரை கெடாது. நம் வீடுகளின் வெப்பம் அதனினும் மிகுதியாதலால், பனிக்கட்டியிட்ட பெட்டியிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வைத்தலே தக்கது. வீட்டில் பசு இருக்கிறதே என்று, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பசும்பாலை ஊட்டிவிடலாகாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. தாய்ப்பால் கிட்டாத நிலையில் சுகாதார நிலையத் தாதியரின் அறிவுரையைப் பெறுதல் வேண்டும்.

மாட்டுக் கொட்டகையும் ஒரு பள்ளி

நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு மாடும் கோழியும் கிடைத்தற்கரிய பாடநூல்கள் ஆகும். நகரத்துக் குழந்தை படத்தில் காண்பதை நம் குழந்தை நேரில் காண்கிறது. இவ்வாய்ப்பை நாம் பயன்படுத்திக்கொள்ளவேண்டும்.

இரண்டு வயதில், கொட்டகைக்கு வெளியே, தடுப்புக்கு அப்பால் ஒரு பலகையில் அமர்ந்து, மாட்டின் நிறம், காது, வால் ஆகியவற்றைச் சொல்லப் பழகலாம். மூன்று வயதில், பெரியவர் உடனிருக்கக் கோழிக்குத் தீனி இறைக்கலாம். நான்கு வயதில், கூட்டிலிருந்து முட்டை பொறுக்கி எண்ணலாம். ஐந்து வயதில், அடைவைத்த நாளைச் சுவரில் கரிக்கோடாக இட்டு, நாளொன்றுக்கு ஒரு கோடு சேர்த்து, 21ஆம் நாள் குஞ்சு பொரிப்பதைக் காத்திருந்து காணலாம். இருபத்தொன்று என்னும் எண்ணை இவ்வாறு கற்ற குழந்தை அதை என்றும் மறவாது. காத்திருத்தல் என்னும் பண்பையும் உடன் கற்றுக்கொள்ளும். தைத்திங்களில் மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு மாலை சூட்டும்பொழுது, தான் அறிந்த ஓர் உயிருக்கு நன்றி கூறுவதை அது உணரும்.

ஆயினும், குழந்தையை மாட்டின் பின்புறத்தில் நிற்கவிடலாகாது. அண்மையில் ஈன்ற பசு, எவ்வளவு சாதுவானதாயினும், கன்றைக் காக்க முட்டக்கூடும். கறக்கும்பொழுது குழந்தையைக் கவனிக்க வேறொருவர் இல்லையெனில், பாதுகாப்பான அடைப்புக்குள் அதை அமர்த்திவிட்டுக் கறத்தலே நன்று. குழந்தை மாட்டை மேய்க்கலாம் என்றோ, மாடு குழந்தையைக் கண்டுகொள்ளும் என்றோ நினைப்பது பேதைமை.

மறவாமல் கடைப்பிடிக்க வேண்டியவை

கால்நடையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கம் பெரியவரிடமிருந்து தொடங்கவேண்டும். சாணத்திலும் கோழி எச்சத்திலும் உள்ள நுண்கிருமிகள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தலும் கொடுத்தலும் கூடாது. காய்ச்சாத பாலால் புருசெல்லா, காசநோய் போன்ற நோய்கள் பரவக்கூடும். பால் பொங்கி வந்தபின்னரே இறக்குக. தீவனத்தை மூடிவைக்காவிட்டால் எலி பெருகும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் உண்டாகும். இறந்துகிடக்கும் கோழியைக் குழந்தை தொடாதவாறு காக்கவேண்டும். கொட்டகையைச் சுற்றி ஓடும் குழந்தைக்குக் காலணி வேண்டும். தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருக்கவேண்டும்.

களைக்கொல்லியைப் பற்றித் தனியே கூறவேண்டியுள்ளது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும், வேறு மருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. மருந்து தெளித்த நிரையில் புல்லறுத்தலாகாது. எங்கு, எப்பொழுது தெளிக்கப்பட்டது என்பதைத் தண்டலிடம் கேட்டறிந்த பின்னரே அரிவாளை எடுக்கவேண்டும். தெளிப்பு வேலை முடிந்து வருபவர், ஓடிவரும் குழந்தையை வாரியெடுக்குமுன் குளித்து உடைமாற்றவேண்டும். அவ்வுடையைத் தனியே துவைக்கவேண்டும். மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கம் உயிருக்கே உலைவைப்பதாகும்.

கொட்டகை அமைக்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1998, 1999ஆம் ஆண்டுகளில் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பரவிய நிப்பா நோயால் நம் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழந்தின்னி வௌவால்களிடமிருந்த அக்கிருமி பன்றிகளுக்கும், அவற்றிடமிருந்து மனிதருக்கும் பரவியது. பன்றிப் பட்டிகளை ஒட்டிப் பழமரங்கள் நின்றமை அதற்கு வழிவகுத்தது. வௌவால் தின்று போட்ட பழம் தீவனத்தொட்டியில் விழாதபடி, எந்தக் கால்நடைக் கொட்டகையையும் பழமரங்களுக்குக் கீழே அமைக்காமல் இருத்தல் நன்று. குடிநீர்க் கிணற்றுக்கும் சமையற்கட்டுக்கும் அண்மையிலும் அமைத்தலாகாது.

யார் யாருடைய பங்கு எது?

குழந்தை தாயின் பொறுப்பு, மாடு தந்தையின் பொறுப்பு என்னும் பிரிவினை பல வீடுகளில் உண்டு. நடைமுறையில் பார்த்தால், மாட்டு வேலையில் பாதியும் தாயின் தலையிலேயே விழுகிறது. மாலைக் கறவையைத் தந்தை ஏற்றால் தாய்க்கு அரைமணி கிட்டும். தாய் கறப்பதாயின், அந்நேரத்தில் குழந்தையைத் தந்தை வைத்திருக்கலாம். தந்தையின் மடியில் அமர்ந்து கதைகேட்ட குழந்தைக்கு அதனால் குறைவொன்றும் நேராது.

பாட்டனும் பாட்டியும் குடும்பத்தின் பெருந்துணை. ஆனால், அவர்களுக்கும் உடல்நலம் குன்றும் நாள்கள் உண்டு. அந்நாளில் யார் பார்த்துக்கொள்வது என்பதை முன்னரே முடிவு செய்திருக்கவேண்டும். மூன்று நான்கு வீட்டார் ஒன்றுகூடி முறைவைத்து உதவிக்கொள்ளலாம். இல்லையெனில், அச்சுமை மூத்த பெண்பிள்ளையின் மேல்தான் விழும். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, வாரத்தில் ஒரு நாள் பள்ளியை இழக்கும் பிள்ளை, அன்று நடந்த பாடத்தை மட்டும் இழப்பதில்லை. மறுநாள் நடக்கும் பாடமும் அதற்கு விளங்குவதில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரும் இதனை நன்கறிவர்.

தோட்ட நிருவாகத்திற்கும் பங்குண்டு. "ஆயாக் கொட்டகை" என நாம் வழங்கிவரும் குழந்தைக் காப்பகங்களைப் பற்றி 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறித்த 446ஆம் சட்டம் விதிகள் வகுத்துள்ளது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை 1984ஆம் ஆண்டின் 308ஆம் சட்டம் நெறிப்படுத்துகிறது. தம் தோட்டத்தில் இவ்வசதி எந்நிலையில் உள்ளது என்பதைத் தொழிற்சங்கக் கிளை வழியாகவோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டறியும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, மகப்பேற்று விடுப்பு 98 நாளாக உயர்த்தப்பட்டுள்ளது. உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தந்தைக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. அவ்வேழு நாளையும் புல்லறுப்பதிலேயே கழித்துவிடாமல், பிறந்த குழந்தையின் முகத்தை அறிந்துகொள்ளவும் செலவிடுமாறு தந்தையரைக் கேட்டுக்கொள்கிறோம்.

முடிவாக

வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கணவனும் மனைவியும் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, தம் வீட்டின் நாளை மணிவாரியாக எழுதிப் பார்ப்பார்களாக. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், அதைச் செய்பவர் யார் என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். குழந்தையின் பெயருக்கு நேரே எழுத ஒன்றுமில்லையென்றால், புல், தண்ணீர், பகிர்வு, எண்ணிக்கை என்னும் நான்கில் எதை மாற்றுவது என்று முடிவு செய்யவேண்டும். எல்லாம் செய்து பார்த்தும் நேரம் போதவில்லையெனில், மாடுகளில் ஒன்றைக் குறைப்பது தோல்வியாகாது. குழந்தை வளர்ந்தபின் பட்டியை மீண்டும் பெருக்கிக்கொள்ளலாம்.

பேராக்கில் நாம் கண்ட குடும்பத்தார் அவ்வாறே செய்தனர். மூன்று பசுக்களில் இரண்டை விற்றுவிட்டனர். எஞ்சிய பசுவுக்குக் கொட்டகையருகே புல் நட்டனர். மாலைக் கறவையைத் தந்தை ஏற்றுக்கொண்டார். பாட்டிக்கு முடியாத நாள்களில் குழந்தையை அண்டை வீட்டார் பார்த்துக்கொள்வதென ஏற்பாடாயிற்று. சில மாதங்கள் கழித்து நாம் மீண்டும் சென்றபொழுது முற்பகல் வேளை. சிறுமி வீட்டில் இல்லை, பள்ளிக்குச் சென்றிருந்தாள். மழையால் அன்று வேலை நின்றிருந்தமையால் தாய் வீட்டிலிருந்தாள். அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டு, கொட்டகைப் பக்கம் கைகாட்டி, "மா... மா..." என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான் பையன்.

"வருமானம் குறைந்துவிட்டதா, அம்மா?" என்று வினவினோம்.

"குறைஞ்சிருக்குதான், ஐயா," என்றாள் அத்தாய். "ஆனா, வீட்டுல சத்தம் கூடியிருக்கு."